முரசில் வடிந்த இரத்தம்

என் வலது தொடைக்குள் ஒரு செல் துண்டு இருக்கிறது. 2009 ஆம் ஆண்டு மாசி மாதம் வந்து புகுந்தது. எடுத்தால் நரம்புக்குப் பழுது வரலாம் என்று வைத்தியர் ஒருவர் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டேன். அன்று தொடக்கம் எனக்கு எந்த வருத்தம் வந்தாலும் பழியை அந்தத் துண்டின் தலையில்தான் போடுவேன். உடம்பு அலுப்பா, செல் துண்டு. பின்னேரத்தில் காய்ச்சல் குணமா, செல் துண்டு. இதை வாசிக்கும் சகோதரிகள் பலருடைய உடம்பிலும் இப்படி ஒரு துண்டோ தழும்போ இருக்கும். ஆகவே நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

எனக்குச் சலரோகமும் உண்டு. மாதாந்தம் கிளினிக்குக்குப் போய் மருந்து எடுக்கிறேன். 2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், குளிசையை ஒழுங்காகப் போட்டும், சோற்றைக் குறைத்தும் சீனி இறங்கவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏவன்சி என்ற பரிசோதனையில் 9.1 வீதம் என்று வந்தது. சீனி வருத்தக்காரர் பலருக்கு அது 7 அளவில் நிற்க வேண்டும் என்பார்கள். வைத்தியர் இன்னொரு இரத்தப் பரிசோதனையும் எழுதித் தந்தார். அதன் பெயர் சி.ஆர்.பி. அது 9.2 என்று வந்தது. "உடம்புக்குள்ளே எங்கேயோ ஒரு அழற்சி இருக்குது அம்மா" என்றார்.

எங்கே என்று நான் கேட்கவே இல்லை. தொடையைக் காட்டினேன்.

அவர் படம் எடுப்பித்துப் பார்த்தார். துண்டைச் சுற்றிச் சீழோ எலும்பில் பழுதோ இல்லை, உடம்பு அதைச் சுற்றிச் சவ்வுபோலக் கட்டி அடக்கி வைத்திருக்கிறது என்றார். சலத்தைச் சோதித்தார், நெஞ்சுப் படம் எடுத்தார், பாதங்களில் புண் இருக்கிறதா என்று விரல் இடுக்கெல்லாம் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில்தான் அந்தக் கேள்வி வந்தது.

"அம்மா, பல்லுத் தீட்டேக்க இரத்தம் வாறதோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது எப்பவும் வாறதுதானே டொக்டர்" என்றேன்.

"கையைக் கழுவேக்க ஒவ்வொரு நாளும் கையிலே இரத்தம் வந்தால் சும்மா இருப்பியளோ?" என்று கேட்டுவிட்டு, பல் வைத்தியருக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார்.

அந்தக் கேள்வி என்னை வீடுவரை துரத்தியது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் பங்கருக்குள் இருந்துகொண்டு யார் பல்லுத் தீட்டினார்கள்? குடிக்கவே தண்ணீர் இல்லை. பின்பு முகாமில் ஒரு பிரஷ்ஷை நானும் என் இரண்டு பிள்ளைகளும் மாறி மாறிப் பாவித்தோம். அதுவும் தேய்ந்த பிறகு விரலும் கரியும்தான். மீள்குடியேறிய பின்னர் கிணறு, கூரை, பிள்ளைகளின் படிப்பு என்று ஒன்றின்பின் ஒன்றாக வேலை வந்தது. வாயைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கவில்லை. பல்லுக் கொதி வந்தால் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவேன். அப்படி ஓரிடத்தில் நான்கு பற்களைப் பிடுங்கினேன். முரசைப் பற்றி அங்கே யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பல் வைத்தியர் என் மூத்த மகளின் வயதுள்ள ஒரு பிள்ளை. மில்லிமீற்றர் அடையாளம் போட்ட ஒரு மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லாக அளந்து, பக்கத்தில் நின்ற தாதிக்கு எண்களைச் சொன்னார். மூன்று, ஐந்து, ஆறு, ஏழு. நல்ல முரசில் அந்தக் கம்பி மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இறங்காதாம். என் பின்பற்களில் ஏழு வரை இறங்கியது. தொட்ட இடமெல்லாம் இரத்தம். அவர் ஒரு கண்ணாடியைத் தந்து பார்க்கச் சொன்னார். நான் பார்க்கவில்லை.

அவர் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். சாப்பிட்ட பின் பல்லில் நொளுநொளுப்பாக ஒரு படலம் ஒட்டுகிறது. அது முழுக்கக் கிருமிகள். தினமும் தீட்டி அகற்றாவிட்டால் முரசு சிவந்து வீங்கும். இதை 1965 ஆம் ஆண்டிலேயே டென்மார்க்கில் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நல்ல வாய் உள்ள பன்னிரண்டு பேரைப் பல்லுத் தீட்ட வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். பத்து நாள் முதல் மூன்று கிழமைக்குள் அத்தனை பேருக்கும் முரசு அழற்சி வந்தது. மீண்டும் தீட்டத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு கிழமையில் மாறிவிட்டது. அந்த நிலையிலேயே கவனித்தால் பிரஷ் மட்டும் போதும்.

கவனிக்காமல் விட்டால் படலம் உமிழ்நீரிலுள்ள உப்புச் சத்துகளோடு சேர்ந்து கல்லாக இறுகுகிறது. முரசு பல்லை விட்டுக் கழன்று இடையில் ஒரு பை உண்டாகிறது. பைக்குள் பிரஷ் போகாது. அங்கே கிருமிகள் பெருக, பல்லைத் தாங்கும் எலும்பு மெல்ல மெல்லக் கரைகிறது. பெரும்பாலும் நோவே இருக்காது. நோ இல்லாதபடியால்தான் நாங்கள் வருடக்கணக்கில் ஏமாந்து போகிறோம். கடும் முரசு நோய் உள்ள ஒருவருடைய பைகளின் உட்சுவர்களை எல்லாம் விரித்து அளந்தால், 8 முதல் 20 சதுர சென்ரிமீற்றர் வரை புண்பட்ட பரப்பு வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காலில் அவ்வளவு பெரிய புண் இருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா?

இனி அந்த சி.ஆர்.பி. என்ற எண்ணுக்கு வருகிறேன். சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்பது ஈரல் செய்யும் ஒரு புரதம். உடம்பில் எங்காவது கிருமியோ காயமோ வந்தால், அங்குள்ள காவல் கலங்கள் இன்ரலூக்கின்-6 போன்ற தூதுப் பொருட்களை இரத்தத்தில் விடுகின்றன. செய்தி ஈரலுக்குப் போனதும் ஈரல் சி.ஆர்.பி.யைச் செய்து விடுகிறது. ஊர் எல்லையில் நெருப்பு என்றால் கோயில் மணி அடிப்பது போன்றது இது. மணிச் சத்தத்தைக் கேட்டு எங்கே நெருப்பு என்று சொல்ல முடியாது. தடிமன், மூட்டு வருத்தம், உடற் பருமன், புகைத்தல் என்று எதுவும் அந்த மணியை அடிக்கலாம். சி.ஆர்.பி. கூடினால் முரசு நோய் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். மற்றக் காரணங்களை எல்லாம் பார்த்துக் கழித்த பிறகே என்னிடமும் வாயைத் திறக்கச் சொன்னார்கள்.

முரசுப் பையில் உள்ள கிருமிகளும் அவற்றின் நஞ்சும் மெல்லும்போதும் தீட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கலக்கின்றன. மணி ஓயாமல் மெதுவாக அடித்துக்கொண்டே இருக்கிறது. இந்தத் தூதுப் பொருட்கள் இன்சுலினின் வேலைக்கும் இடைஞ்சல் செய்கின்றன. அதனால் சீனி ஏறுகிறது. சீனி ஏறினால் கிருமியை எதிர்க்கும் வலு குறைந்து முரசு இன்னும் பழுதாகிறது. எனக்கு நடந்தது இந்தச் சுற்றுத்தான்.

சத்திரசிகிச்சை இல்லாமல் செய்யும் முரசு சிகிச்சை என்பது பெரிய விந்தை ஒன்றும் அல்ல. விறைப்பு ஊசி போட்டு, முரசுக்கு மேலேயும் உள்ளே பைக்குள்ளேயும் பல் வேரில் ஒட்டியிருக்கும் கல்லையும் படலத்தையும் சுரண்டி, வேரைத் துப்புரவாக்குகிறார்கள். வெட்டுவதுமில்லை, தைப்பதுமில்லை. என் வாயை நான்காகப் பிரித்து, ஒரு தடவைக்கு ஒரு பகுதியாக நான்கு தடவை செய்தார்கள். அரசாங்க வைத்தியசாலை என்றபடியால் காசு எடுக்கவில்லை. விடியப் போய் நம்பர் எடுத்துக் காத்திருந்ததும் பஸ் காசும்தான் செலவு.

முதல் நாள் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். கதிரையைச் சாய்த்து, முகத்துக்கு நேரே வெளிச்சத்தைப் போட்டு, கல் அகற்றும் மெசினை இயக்கினார்கள். கிர் என்று ஒரே சீரான சத்தம். வன்னியில் இருந்தவர்களுக்கு வண்டுச் சத்தம் நினைவிருக்கும். வேவு விமானத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வண்டு சுற்றிவிட்டுப் போனால் பிறகு செல் வரும். மெசின் சத்தம் காதில் விழுந்த அந்தக் கணத்தில் நான் அந்த அறையில் இல்லை. டொக்டரின் கையைத் தட்டிவிட்டு எழும்பிவிட்டேன். உடம்பெல்லாம் நடுங்கியது. வெளியே காத்திருந்த சனமெல்லாம் பார்த்தது. வெட்கமாகப் போய்விட்டது.

அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை. மெசினை நிற்பாட்டிவிட்டு, "அம்மா, இண்டைக்கு மெசின் வேண்டாம். கையாலேயே செய்வம். நிற்பாட்ட வேணுமெண்டால் இடது கையைத் தூக்குங்கோ, உடனே நிற்பாட்டுவன்" என்றார். கையால் செய்யும் கருவிகளும் உண்டாம். நேரம் கூட எடுக்கும், அவ்வளவுதான். மூன்று தரம் கை தூக்கினேன். மூன்று தரமும் நிற்பாட்டினார். மூன்றாவது தடவை போனபோது மெசினை என் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் சீறுவதைக் காட்டி, பிறகு பாவித்தார். தாங்கிக்கொண்டேன். என்னைப் போல் சத்தத்துக்கோ, மல்லாந்து கிடப்பதற்கோ, ஆண் வைத்தியர் முகத்துக்குக் கிட்ட வருவதற்கோ பயப்படும் சகோதரிகள் முதலிலேயே அதைச் சொல்லுங்கள். வைத்தியருக்கு நம் மனதுக்குள் இருப்பது தெரியாது.

முதற் பகுதி துப்புரவாக்கிய அன்று இரவு உடம்பு சூடாக இருந்தது. உள்ளதும் போச்சு என்று நினைத்தேன். அடுத்த தடவை கேட்டபோது அதற்கும் விளக்கம் இருந்தது. 2007 ஆம் ஆண்டு லண்டனில் கடும் முரசு நோய் உள்ள 120 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆழமான சிகிச்சை, மற்றவர்களுக்கு வழமையான சுத்தம். ஆழமாகச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அடுத்த நாள் சி.ஆர்.பி.யும் இன்ரலூக்கின்-6 உம் ஏறி, இரத்தக் குழாய்கள் விரியும் தன்மையும் குறைந்தே இருந்தது. கிளறிய புண் அல்லவா! ஆனால் இரண்டு மாதத்திலும் ஆறு மாதத்திலும் பார்த்தபோது அவர்களுடைய இரத்தக் குழாய்கள் மற்றவர்களுடையதை விட நன்றாக வேலை செய்தன. ஆகவே முதல் ஓரிரு நாள் உடம்பு அலுப்பாக இருந்தால் பயந்து சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் தொடர்ந்தாலோ, முகம் வீங்கினாலோ திரும்பப் போய்க் காட்டுங்கள்.

எவ்வளவு பலன் என்று கேட்பீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஓர் அறிக்கை 2008 இல் வந்தது. சிகிச்சையின் பின் சி.ஆர்.பி. சராசரியாக லீற்றருக்கு அரை மில்லிகிராம் குறைந்ததாக அது சொன்னது. பெரிய வீழ்ச்சி இல்லை. ஆனால் இருதய வருத்தத்துக்கான ஆபத்தைப் பார்க்கும்போது வைத்தியர்கள் 1 க்குக் கீழ், 1 முதல் 3, 3 க்கு மேல் என்றுதான் பிரித்துப் பார்க்கிறார்கள். அந்தச் சின்ன அளவுகோலில் அரை மில்லிகிராம் அற்பமும் இல்லை. முரசைத் துப்புரவாக்கினால் மாரடைப்பே வராது என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதை இன்னும் ஒருவரும் நிரூபிக்கவில்லை.

சீனி விடயத்தில் சான்று பலமாக இருக்கிறது. 2013 இல் அமெரிக்காவில் 514 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஆறு மாதத்தில் எச்பிஏவன்சி ஒன்றும் குறையவில்லை. அங்கே முரசு சரியாகத் துப்புரவாக்கப்படவில்லை என்று வேறு அறிஞர்கள் குறை சொன்னார்கள். 2018 இல் லண்டனில் 264 பேரை ஒரு வருடம் பார்த்தபோது, ஆழமான சிகிச்சை பெற்றவர்களுக்கு மற்றவர்களை விட 0.6 வீதம் குறைந்திருந்தது. 2022 இல் கொக்ரேன் என்ற அமைப்பு 35 ஆய்வுகளை ஒன்றாக எடுத்துப் பார்த்து, மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.43 வீதம் குறைகிறது என்று எழுதியது. இது குளிசைக்கு மாற்று அல்ல, குளிசையோடு சேர்ந்த உதவி. முரசு சிகிச்சை செய்துவிட்டேன் என்று குளிசையை நிற்பாட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய கதை நல்லாக முடியவில்லை.

முரசு நோயின் போக்கை உலகம் அறிந்ததில் எங்கள் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1970 ஆம் ஆண்டு நோர்வே நாட்டைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற பேராசிரியரின் குழு மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து 480 தமிழ்த் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்தது. பல்லுத் தீட்டும் பழக்கமோ பற்சிகிச்சை வசதியோ இல்லாதவர்கள் அவர்கள். 1985 வரை பதினைந்து வருடம் திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வெகு வேகமாக முற்றியது. 81 பேருக்கு நடுத்தர வேகம். 11 பேருக்கு முரசு அழற்சியோடு நின்றுவிட்டது. ஒரே தோட்டம், ஒரே சாப்பாடு, ஒரே வறுமை, ஆனாலும் உடம்புக்கு உடம்பு வேறுபாடு. இன்றைக்கும் பல் வைத்திய மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். அந்த 480 பேரும் ஆண்கள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறிய பெண்களின் வாயை அந்தக் குழு அளக்கவில்லை. அது எனக்கு ஒரு குறைதான்.

பல்லைக் கிளீன் பண்ணினால் பல்லு ஆடும் என்று எங்கள் பகுதியில் ஒரு பேச்சு உண்டு. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆடும் பல்லைக் கல் சீமெந்து போலப் பிடித்து வைத்திருக்கும். கல் போனதும் ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வற்றியதும் முரசு இறங்கிப் பல்லிடையில் இடைவெளி தெரியும், சில கிழமை குளிர்த் தண்ணீர் கூசும். எனக்கு இரண்டும் இருந்தது. ஆடிய இரண்டு பற்களில் ஒன்று இறுகிவிட்டது. மற்றதைப் பிடுங்க வேண்டி வந்தது. கரைந்த எலும்பு திரும்ப முளைக்காது என்று அந்தப் பிள்ளை ஒளிக்காமல் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்தேன். சி.ஆர்.பி. 4.1. அதை வெளியே காசு கொடுத்துத்தான் செய்தேன். எச்பிஏவன்சி 8.4. இரண்டும் முரசால்தான் குறைந்தன என்று சத்தியம் பண்ண மாட்டேன். அந்த மூன்று மாதமும் நடை போனேன், சாப்பாட்டிலும் கவனமாக இருந்தேன். பின்னேரச் சூடு இல்லை, அலுப்புக் குறைந்திருக்கிறது. தொடை மாரிக்கு இன்னும் உளைகிறது. அது செல் துண்டின் சொந்தக் கணக்கு.

இப்போது தினமும் செய்வது இதுதான். மெல்லிய நார் உள்ள பிரஷ்ஷை முரசும் பல்லும் சந்திக்கும் விளிம்பில் சரித்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாக, காலையும் படுக்கைக்கு முன்னும் இரண்டு நிமிடம். பேஸ்ட் ஒரு பயறு அளவு போதும், புளோரைட் உள்ளதாக இருக்க வேண்டும். 2022 நெருக்கடியில் விலை ஏறியபோது நான் மறுபடி கரிக்குப் போனேன். அது பிழை. கரியும் செங்கல் தூளும் பல்லை அராவிவிடும். வேறு வழி இல்லாத நாளில் வேப்பங்குச்சியின் நுனியை நன்றாக மென்று நாராக்கி மெதுவாகத் தேயுங்கள். முரசில் இரத்தம் வருகிறது என்று அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். இரத்தம் வரும் இடம்தான் சுத்தம் கேட்கிற இடம்.

வெற்றிலை போடும் அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. வேலைக் களைப்புக்கும் யோசனைக்கும் அது ஒரு துணை என்று எனக்குத் தெரியும், நானும் போட்டவள். ஆனால் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004 இல் வகைப்படுத்திவிட்டது. சுருட்டு, சிகரட் புகைத்தால் முரசில் இரத்தம் வருவதும் குறைந்து, நோய் ஒளிந்து நிற்கும். இரத்தம் வரவில்லை என்பதை வைத்து நல்ல முரசு என்று எண்ண வேண்டாம்.

கர்ப்பிணிப் பிள்ளைகளுக்கு முரசு கூடுதலாக வீங்கும். அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2006 இல் வெளியிட்ட ஆய்வில், முரசு சிகிச்சையால் குறைமாதப் பிறப்புக் குறையவில்லை. ஆனால் முரசு குணமானது, தாய்க்கும் பிள்ளைக்கும் தீங்கும் வரவில்லை. ஆகவே வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று ஒத்திப்போடத் தேவையில்லை, குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இருதய வால்வில் பழுது உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்களும் பல் வைத்தியருக்கு அதைக் கட்டாயம் முதலே சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போனால் போதும்.

துப்புரவாக்கிய பைக்குள் கிருமி திரும்பக் குடியேறும் என்பதால் எனக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டும். போன தடவை கம்பி பெரும்பாலும் மூன்றிலும் நாலிலும் நின்றது, ஓரிடத்தில் மட்டும் ஐந்து. அந்தக் கண்ணாடியை இந்த முறை நானாகக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அடுத்த துண்டு தைப்பொங்கல் முடிந்த கிழமைக்குப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வளவுத் தங்கச்சியும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறா. அவவுக்கும் பிரஷ்ஷில் இரத்தம். நம்பர் எடுக்க ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேணும்.